வெந்நீர் அருவி என்று பெயர், விழுந்தது தண்ணீர்தான்

"மாப்ள, பேரே வெந்நீர் அருவின்னு சொல்லுதீங்க. அப்போ எறங்கிக் குளிக்கலாம்லா?"

டோக்கியோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். மாமா கேட்ட இந்தக் கேள்விக்கு அப்போதே சரியாகப் பதில் சொல்லியிருந்தால் பின்னால் வந்த பாதி வேடிக்கை நடந்திருக்காது. "பாக்கலாம் மாமா" என்று மழுப்பிவிட்டேன்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. தென்காசிக்காரர், வயது அறுபத்தெட்டு, சுத்த சைவம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் விடிகாலையில் அருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்துதான் மற்ற வேலை. அவரைப் பொறுத்தவரை அருவி என்பது குளிக்கிற இடம். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு நாலு மணி நேரம் ரயிலும் பஸ்ஸும் ஏறி எவனாவது போவானா?

ஜப்பான்காரர்கள் போகிறார்கள். அருவி அவர்களுக்குப் பார்ப்பதற்கு, குளிப்பதற்கு வெந்நீர் ஊற்று. நாங்கள் போன நிக்கோ மலையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. யுமோதோ என்ற சின்ன வெந்நீர் ஊற்று ஊர், அதன் வாசலில் யுனோகோ ஏரி, ஏரியின் தெற்கு முனையில் நீர் வழிந்து விழும் யுதாகி அருவி. 'யு' என்றால் வெந்நீர், 'தாகி' என்றால் அருவி. மாமா கேட்டதில் தப்பே இல்லை.

இதில் ஒரு சின்ன மொழி விஷயம் உண்டு. ஜப்பானியத்தில் சும்மா இருக்கும் நீருக்கு 'மிசு', சூடான நீருக்கு 'யு' என்று தனித்தனிச் சொற்கள். நமக்கும் அப்படித்தானே, தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர், சூடானது வெந்நீர். நாம்தான் தண்ணீரைப் பொதுப்பெயராக்கிவிட்டு "சுடுதண்ணி" என்றும் சொல்லிக்கொள்கிறோம். யுதாகியில் விழுவது அசல் தண்ணீர். ஊற்று நீர் கலக்கும் ஏரியிலிருந்து வருவதால்தான் அந்தப் பெயர். ஏரியின் ஊர்ப்பக்க ஓரம் மட்டும் குளிர்காலத்திலும் உறையாமல் இருக்குமாம், மற்றபடி குளிர்ந்த மலை ஏரிதான்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். இதுதான் முதல் தவறு. அந்த மலையில் இலைகள் சிவக்கும் காலம் அது, கூடவே வார இறுதி. டோக்கியோவின் அசகுசா நிலையத்திலிருந்து தோபு நிறுவன ரயிலில் நிக்கோ போக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் ஒரு சிரமமும் இல்லை. அதற்கப்புறம் இரோஹா மலைப்பாதை. ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு ஒரு சாலை, இரண்டிலுமாக 48 கொண்டை ஊசி வளைவுகள். ஜப்பானியரின் பழைய எழுத்து வரிசைக்கு 'இரோஹா' என்று பெயர், அதில் 48 எழுத்துகள். அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஓர் எழுத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறும்போது 20 எழுத்து, மிச்சம் 28 இறங்கும்போது. என் மனைவி அப்போதுதான் எழுத்துகள் படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாலைந்து வளைவில் உற்சாகமாக வாசித்தவள், ஒன்பதாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல நாளில் நிலையத்திலிருந்து சூசென்ஜி ஏரிக்கரைக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். எங்களுக்கு இரண்டரை மணி நேரம். மாமா பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துக் கொடுத்தார், அவளும் நானும் ஆளுக்கொரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டோம். மலைப்பாதையில் வயிற்றைப் புரட்டும் ஆட்களோடு போகிறவர்கள் இஞ்சியோ எலுமிச்சையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நெரிசலென்றால் நின்றுகொண்டேதான் வளைவுகளைக் கடக்க வேண்டியிருக்கும், எனவே நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக வரிசையில் நிற்பது நல்லது. இரண்டு நாள் ஏறி இறங்க ஒரே சீட்டு கிடைக்கிறது, நடுவழியில் இரண்டு இடம் இறங்கினாலே அது கட்டுப்படியாகிவிடும்.

அந்த மலையடிவாரத்தில் 'உமகாயெஷி' என்று ஓர் இடம் உண்டு. குதிரையைத் திருப்பி அனுப்பும் இடம் என்று பொருள். நந்தாய் மலை புனித மலை என்பதால் குதிரைகளும் பெண்களும் மேலே போகக் கூடாது என்று 1872 வரை தடை இருந்தது. இதை நான் படித்துச் சொன்னதும் மனைவி கண்ணைத் திறந்து, "குதிரைய முதல்ல சொல்லியிருக்காங்க பாருங்க" என்றாள். அப்புறம் மறுபடி மூடிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் இறங்கிக் கேகோன் அருவியைப் பார்ப்பதாகத் திட்டம். நிக்கோவுக்குப் போகிற எல்லோரும் பார்ப்பது அதைத்தான். 97 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுவது. பாறைக்குள் குடைந்த மின்தூக்கியில் சுமார் 100 மீட்டர் கீழே இறங்கினால் அருவிக்கு எதிரே ஒரு மேடை. சீட்டு வாங்கினோம், இறங்கினோம், ஈரமான சுரங்கப்பாதையில் நடந்து மேடைக்கு வந்தோம். எதிரே வெள்ளையாக ஒரு சுவர். மூடுபனி. அருவியின் இரைச்சல் மட்டும் காதைப் பிளந்தது.

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். "சத்தம் நல்லாருக்கு மாப்ள" என்றார். வேறென்ன சொல்வார் பாவம்.

திரும்பி மேலே வந்தபோதுதான் கவனித்தேன். சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே 'இப்போது பனி, அருவி தெரியாது' என்று பலகை வைத்திருந்தார்கள். வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றது நான்தான். அந்த ஏரிக்கரை கிட்டத்தட்ட 1,270 மீட்டர் உயரம், கீழிருந்து ஈரக்காற்று ஏறி வரும்போது பனி சட்டென்று மூடிவிடும், சட்டென்று விலகியும் விடும். அங்கே போகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் பர்ஸை எடுக்கவும். காசில்லாமல் பார்க்கிற மேடை ஒன்று மேலேயே இருக்கிறது, முதலில் அங்கே நின்று எட்டிப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும்.

யுமோதோ போய்ச் சேர இருட்டிவிட்டது. பஸ் கதவு திறந்ததும் மாமா மூக்கைப் பொத்தினார். கந்தக வாடை, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே அதுவும் அவித்த முட்டை வாடையும் சேர்ந்தது மாதிரி. பத்து நிமிடத்தில் பழகிவிடும் என்றேன். பழகியது. பழகாதது குளிர். டோக்கியோவில் காலையில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய நாள் அது. ஆனால் 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு, யுமோதோ கிட்டத்தட்ட 1,500 மீட்டரில் இருக்கிறது. ஒன்பது டிகிரி அப்படியே கழிந்துவிடும். டோக்கியோ வானிலையைப் பார்த்துத் துணி எடுத்து வைக்காதீர்கள். மாமாவுக்குக் கவலையில்லை, குரங்குக் குல்லாயோடுதான் விமானமே ஏறினார்.

தங்குவதற்கு ஏரிக்கரை ஊரான சூசென்ஜியை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்ததற்குக் காரணம் உண்டு. சூசென்ஜி விடுதிகளிலும் வெந்நீர்க் குளியல் இருக்கிறது. ஆனால் அந்த நீர் யுமோதோவிலிருந்துதான் குழாய் வழியே போகிறது. ஊற்றின் வாசலிலேயே படுத்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன். பயணம் முழுக்க நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அது.

இன்னொன்றும் முன்யோசனையாகச் செய்திருந்தேன். பதிவு செய்யும்போதே இரண்டு விஷயங்களை விடுதிக்கு எழுதினேன். ஒன்று சாப்பாடு. ஜப்பானில் "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டும் மீன் துண்டும் இருக்காது, குழம்பு மட்டும் மீன் சாறில் கொதித்திருக்கும். கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் 'தாஷி' சாறு அவர்களுக்கு நமக்குப் பெருங்காயம் மாதிரி. அது இல்லாத குழம்பை அவர்களால் யோசிக்க முடியாது. அதனால் "நிகு, சகனா, கட்சுவோ தாஷி தபெமாசென்" என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இறைச்சி, மீன், கட்சுவோ சாறு சாப்பிட மாட்டோம் என்று அர்த்தம். குறைந்தது நான்கைந்து நாள் முன்னால் சொன்னால் 'கொம்பு' என்ற கடற்பாசியில் சாறு எடுத்துக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தார்கள். கூடவே நிக்கோவின் பெயர்பெற்ற யுபா. சோயா பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஏட்டைச் சுருட்டி வைத்தது. "பாலாடைல்லா இது" என்று மாமா இரண்டு கிண்ணம் காலி பண்ணினார். அப்படியும் பையில் புளியோதரைப் பொட்டலம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது விஷயம் பச்சை. மாமாவின் வலது முன்கையில் அவர் அம்மா பெயரின் முதலெழுத்தைச் சின்ன வயதில் திருவிழாவில் குத்திக்கொண்டிருக்கிறார். ஜப்பானில் பச்சை குத்தியவர்களைப் பொதுக்குளியலில் விடாத இடங்கள் பல. அடியாள் கூட்டங்களின் அடையாளமாக அது இருந்ததால் வந்த பழக்கம். தென்காசிப் பெரியவரை யாரும் ரவுடி என்று நினைக்கப்போவதில்லை, ஆனாலும் விதி விதிதான். சின்னதாக இருந்தால் மறைத்துக்கொண்டால் போதும் என்று விடுதியில் பதில் வந்தது. மருந்துக்கடையில் தோல் நிற ஒட்டுத்தாள் விற்கிறார்கள், அதை வாங்கி ஒட்டிவிட்டேன். பெரிதாகக் குத்தியிருப்பவர்கள் குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும் தனிக் குளியலறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'கஷிகிரி' என்பது அதற்குப் பெயர். மாமா அதைக் காசிகிரி என்று கேட்டுவிட்டு, "பேரே குளிக்கச் சொல்லுதே" என்றார்.

எங்கள் விடுதியில் கஷிகிரி இல்லை. ஆகவே அந்தப் பெரிய சங்கடம்.

உடம்பில் ஒரு துணி இல்லாமல்தான் தொட்டியில் இறங்க வேண்டும். ஜட்டி, வேட்டி, நீச்சல் உடை எதுவும் ஆகாது. கையில் கொடுக்கும் துண்டு நம் ஊர்க் கைக்குட்டைக்குக் கொஞ்சம் பெரியப்பா, அதையும் தண்ணீரில் முக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண், பெண் தனித்தனி என்பதால் மனைவி அந்தப் பக்கம் போய்விட்டாள். இந்தப் பக்கம் நானும் என் மாமனாரும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் முன்னால் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

"கோவணமாச்சும் கட்டிக்கிடலாமான்னு கேளுங்களேன்."

"கூடாது மாமா."

கொஞ்ச நேரம் யோசித்தார். உடைமாற்றும் அறையில் இருந்த இரண்டு ஜப்பானியக் கிழவர்கள் பிறந்த மேனியாக நின்று தலை துவட்டியபடி எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் கண்ணாடியக் கழத்திருவோம். சோலி முடிஞ்சுது."

நான் மைனஸ் ஐந்து. அவருக்குக் கண்புரை ஆரம்பம். உள்ளே ஆவி வேறு. இதைவிட நல்ல யோசனையை ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியல் பற்றிய எந்தக் குறிப்பிலும் நான் படித்ததில்லை.

அப்போதுதான் அவர் தோள் துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். நல்லெண்ணெய். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தானே அருவியில் நிற்பார்கள், வெந்நீர் என்றதும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். ஒரு துளி எண்ணெய்கூட அந்தத் தொட்டியில் படக் கூடாது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம் ஊரில் குளிக்கிற இடத்தில் அழுக்குப் போகும். இங்கே அழுக்குப் போன பிறகுதான் குளிக்கிற இடத்துக்கே போக வேண்டும். சுவரோரம் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை துளியும் இல்லாமல் கழுவிக்கொண்டு, அப்புறம்தான் தொட்டி. "அப்பொ அது எதுக்கு?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. அது சும்மா உட்காருவதற்கு.

தண்ணீர் ஊற்றிலிருந்து வரும்போது தெளிவாக, லேசான பச்சையில் வருகிறது. காற்றுப் பட்டதும் கந்தகம் பிரிந்து பால் மாதிரி வெளுத்துவிடுகிறது. நாங்கள் இறங்கிய தொட்டி மோர் நிறத்தில் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றியதே வீண் என்று தோன்றியது.

சூடு 42 டிகிரி போல இருக்கும். நேராக இறங்காதீர்கள். வாளியில் மொண்டு முதலில் காலில், அப்புறம் இடுப்பில், அப்புறம் தோளில் என்று ஊற்றி உடம்புக்குச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். குற்றாலப் பழக்கத்தில் மாமா தலைக்குத்தான் முதலில் ஊற்றப் போனார், தடுத்தேன். உள்ளே உட்கார்ந்ததும் அவர் முகம் போன போக்கு எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் ஒரு நீளமான "ஆங்ங்" கேட்டது. முழங்கால் வலி என்று மூன்று வருடமாகப் புலம்புகிறவர் தண்ணீருக்குள் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் கால் மணி நேரம் ஓடிவிட்டது. எழுந்தவர் ஒரு கணம் தள்ளாடினார். "கண்ணக் கட்டுது மாப்ள." தாங்கிப் பிடித்துத் தொட்டி விளிம்பில் உட்காரவைத்தேன், அந்த இரண்டு கிழவர்களில் ஒருவர் ஓடிப்போய்க் குளிர்ந்த நீரில் துண்டை நனைத்துக் கொண்டுவந்து மாமாவின் நெற்றியில் வைத்தார். 'நோபொசே' என்றார். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும்போது சட்டென்று எழுந்தால் தலைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஈரத் தரையில் விழுந்திருந்தால் எலும்பு முறிவுதான். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களை ஊரிலேயே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிடம் இருந்துவிட்டு விளிம்பில் உட்காருவது, மறுபடி ஐந்து நிமிடம், எழும்போது மெதுவாக, முன்னும் பின்னும் தண்ணீர் குடிப்பது, சாப்பிட்ட கையோடு இறங்காதிருப்பது. மறுநாள் காலையில் இப்படித்தான் செய்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

குளிர் தாங்காமல் நான் போய் அந்தக் குளியலறையின் ஜன்னலைச் சாத்தப் பார்த்தேன். அதே கிழவர் கையை ஆட்டித் தடுத்து, சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். கந்தக ஊற்றில் வரும் வாயு மூடிய அறையில் சேர்ந்தால் ஆபத்து, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

அறைக்குத் திரும்பினால் மனைவி கால்விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெட்டி இரண்டும் கறுப்பு. லேசாக மங்கவில்லை, அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் நடப்பது. தங்கத் தாலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் கல் பதித்த நகைகளில் வெள்ளி கலந்திருக்கலாம், எல்லாவற்றையும் கழற்றி அறையில் வைத்துவிட்டுப் போவதே மேல். மெட்டியைக் கழற்றுவதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கறுத்தால் பயப்பட வேண்டாம். ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா ஒரு கரண்டி போட்டு, கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, வெள்ளி அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி போட்டுவைத்தால் கறுப்பு தானே போகும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்கு மாறிவிடும். அத்தை தொலைபேசியில் விபூதியைப் போட்டுத் தேய்க்கச் சொன்னார். அதுவும் வேலை செய்யும், கை வலிக்கும்.

மறுநாள் காலை ஏரிக்கரையோடு நடந்தோம். விடுதிகள் முடிகிற இடத்தில், கோயில் பக்கமாக ஒரு சதுப்பு நிலம், அதில் ஆங்காங்கே நாய்க்குடில் அளவுக்கு மரக்கூரைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் ஊற்று, ஒவ்வொன்றிலிருந்தும் குழாய்கள். 788-இல் ஷோதோ என்ற துறவி இந்த ஊற்றைக் கண்டார் என்பது ஊர் வரலாறு, நிக்கோ மலையைத் திறந்துவைத்தவரும் அவர்தான். ஒன்சென்ஜி என்ற அந்தக் கோயிலுக்குள்ளேயே குளியல் உண்டு. கோயிலுக்குள் வெந்நீர் என்றதும் மாமாவுக்கு ஊர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பக்கத்தில் காலை மட்டும் நனைக்கும் இலவசத் தொட்டி ஒன்றும் இருக்கிறது. துணி கழற்றக் கூச்சப்படுகிறவர்களுக்கு அதுவே போதும், ஒரு சின்னத் துண்டு மட்டும் கையில் இருக்கட்டும். பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

ஏரியின் மறுமுனைக்கு இருபது நிமிடம். தண்ணீர் மேல் ஆவி தவழ்ந்துகொண்டிருந்தது. முனையில் ஏரி ஒரு விளிம்பில் சத்தமில்லாமல் வழிகிறது, இரண்டடி தள்ளி மலை காணாமல் போகிறது. பக்கவாட்டில் செங்குத்தாகப் படிகள், அருவியோடு ஒட்டியே இறங்குகின்றன. முழங்கால் வலிக்காரர்கள் இந்தப் படிகளில் ஏறாமல் இறங்கும்படி வழியை வகுத்துக்கொள்ளுங்கள். அதாவது யுமோதோவிலிருந்து நடந்து வந்து கீழே இறங்கி, அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவது. நாங்கள் தற்செயலாக அப்படித்தான் போனோம். காலையில் படி ஈரமாகவும் இலைச் சருகோடும் இருக்கும், செருப்பு வேண்டாம்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கேகோன் போனதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை. யுதாகி அந்தரத்தில் விழுவதில்லை. பழைய எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைச் சரிவில் ஆயிரம் நூலாகப் பிரிந்து உருண்டு வருகிறது. உயரம் 70 மீட்டர், சரிவின் நீளம் 110. இறங்க இறங்க அகலமாகிக் கடைசியில் பாவாடை விரித்த மாதிரி வந்து முடிகிறது. பார்க்கிற மேடை அருவியின் காலடியிலேயே இருப்பதால் முகமெல்லாம் திவலை. இரண்டு பக்கமும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக. கேகோனில் நூறு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தோம், இங்கே எட்டு மணிக்கு எங்களோடு மொத்தம் ஏழு பேர்.

மாமா கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளங்கையில் சேர்ந்த திவலையை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். மூன்று முறை. அப்புறம் குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஐஸால்லா இருக்கு. யார் இதுக்கு வெந்நீர்னு பேர் வச்சது?"

கீழே இருந்த கடையில் மீனைக் குச்சியில் வளைத்துக் குத்தி, உப்புத் தடவி, கரிநெருப்பைச் சுற்றி நட்டுவைத்திருந்தார்கள். அயு மீன். மனைவி என்னைப் பார்த்தாள், நான் மாமாவைப் பார்த்தேன். "நீங்க திங்கதுன்னா தின்னுங்க, நான் அங்கன நிக்கேன்" என்று அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தின்றோம். நன்றாக இருந்தது. அவருக்குச் சுட்ட அரிசிமாவு உருண்டை வாங்கிக் கொடுத்தோம்.

வரைபடத்தை அங்கே வைத்துத்தான் எனக்கே ஒன்று புரிந்தது. யுதாகியில் விழும் நீர் யுகாவா என்ற ஆறாகிறது. அது செஞ்ஜோகஹாரா என்ற பெரிய சதுப்புவெளியைக் கடக்கிறது. பாம்பு உருவில் நந்தாய் மலைத் தெய்வமும் பூரான் உருவில் அகாகி மலைத் தெய்வமும் சூசென்ஜி ஏரிக்காகச் சண்டை போட்ட களம் அது என்று கதை. அப்புறம் ரியூசு அருவியாகப் பாறைமேல் 210 மீட்டர் சறுக்கிச் சூசென்ஜி ஏரியில் சேர்கிறது. அந்த ஏரி வழிந்துதான் கேகோன். ஒரே தண்ணீர் மூன்று முறை விழுகிறது. இரண்டு ஏரிகளுமே எரிமலை கக்கியது ஓடையை மறித்ததால் உண்டானவை, ஊற்றைச் சூடாக்குவதும் அந்த எரிமலைப் பகுதியின் அடிச்சூடுதான். ஆக, வரவேண்டிய முறை மேலிருந்து கீழே. முதல் நாள் ஒரே மூச்சில் கடைசி நிறுத்தம் வரை வந்து தங்கிவிட வேண்டும், மறுநாள் தண்ணீரோடு சேர்ந்து இறங்க வேண்டும். நாங்கள் தலைகீழாக ஆரம்பித்து மாட்டிக்கொண்டோம்.

சதுப்புவெளியில் பலகைப் பாதையில் அருவியடியிலிருந்து அகநுமா என்ற பஸ் நிறுத்தம் வரை இரண்டு மணி நேர நடை, பெரும்பாலும் சமதளம். கரடி உண்டு, நடப்பவர்கள் பையில் மணி கட்டிக்கொள்கிறார்கள். மாமாவின் முழங்காலை நினைத்து நாங்கள் பஸ்ஸிலேயே ரியூசு வரை போனோம். அங்கே கூட்டம் அதிகம், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மதியம் சூசென்ஜியில் பஸ் மாறும்போது பதினைந்து நிமிடம் கிடைத்தது. இலவச மேடைக்கு ஓடினேன். கேகோன் முழுசாகத் தெரிந்தது, நடுவில் பாறை இடுக்குகளிலிருந்து கசியும் சின்ன அருவிகள்கூட. மாமா மெதுவாக வந்து சேர்ந்தார்.

"இது காலையில நான் தலையில தெளிச்ச தண்ணியா?"

"அது வர நாளாகும் மாமா. ஆனா அதே ஆறுதான்."

"அப்பொ முந்தி வந்ததப் பாக்கோம்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

டோக்கியோ வீட்டுக்குத் திரும்ப இரவு எட்டரை. கந்தக வாடையடித்த துண்டுகளைத் தனியாகத் துவைக்கப் போட்டேன். மெட்டி சமையல் சோடாவில் ஊறிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து எங்கள் குளியலறைத் தொட்டியைத் தொடாமல் வாளியும் சொம்பும் கேட்டு வாங்கிக் குளித்தவர் மாமா. அன்றைக்கு, "மாப்ள, அந்தத் தொட்டில 42 வையுங்க" என்றார். நிரப்பிக் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்துப் பளபளவென்று வெளியே வந்தார். கையில் காலி எண்ணெய்ப் பாட்டில். தொட்டியைத் தேய்த்துக் கழுவ எனக்குப் பதினொன்றரை ஆனது.